ரொனால்ட் கேசட்டைக் கேட்க இன்னொரு ஆள்

சாமிதுரையைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. நாற்பது வயதைத் தாண்டிய ஆள். கரண்டு ஆபீஸில் லைன்மேன். கை சுத்தம், குடி கிடையாது. யார் வீட்டில் பியூஸ் போனாலும் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஓடுவான். அப்படிப்பட்டவன் எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு பாட்டுக் கேசட்டுக்காக உயிரை விடப் பார்த்தான் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

எனக்குப் பாட்டு தெரியாது. அதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கோயிலில் நாயனம் வாசித்தால் நின்று கேட்பேன். சினிமாவில் பாட்டு வந்தால் வெளியே போய் பீடி பற்றவைப்பேன். அவ்வளவுதான் இந்தப் பிச்சைமுத்துவின் சங்கீதம். அரியலூர் செக்‌ஷனில் சாமிதுரையும் நானும் ஜோடி. ஒருத்தன் கம்பத்தில் ஏறினால் இன்னொருத்தன் டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே இருக்கிறவன் உயிர் கீழே இருக்கிறவன் கையில். பதினைந்து வருஷம் இப்படி ஒருத்தன் உயிரை ஒருத்தன் வைத்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் அவன் என்னைத் தன் சிநேகிதன் என்று சொன்னதில்லை. அந்த இடம் பக்கத்து வீட்டுக் கண்ணையனுடையது.

கொழும்பில் ரொனால்ட் அருமைநாயகம் என்று ஒரு பாப் பாடகர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இந்த அரியலூரில் அவருக்கு ரசிகர்கள் மொத்தமே இரண்டு பேர். எழுபதுகளில் பொழுது சாய்ந்தால் சிலோன் ரேடியோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரிக் கேட்கும். எல்லோரும் சினிமாப் பாட்டுக்காகத்தான் காத்துக் கிடப்பார்கள். நடுவில் கொஞ்ச நேரம் இந்த ஆள் வருவார். கிடாரை அடித்துக்கொண்டு, பின்னால் ட்ரம் தடதடக்க, தமிழில்தான் பாடுவார். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஓரிடத்தில் குரலை மேலே மேலே தூக்கி ஒரு கத்துக் கத்துவார் பாருங்கள், நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். சாமிதுரையும் கண்ணையனும் கூட்டி வைப்பார்கள். அந்தக் கத்தலுக்கு அவர்களே ‘ஏத்தம்’ என்று ஒரு பேர் வைத்திருந்தார்கள்.

கண்ணையன் அப்போது சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தான். சாமிதுரையின் சொந்த ஊர் கீழப்பழுவூர். தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்ததில் இவனுக்கு வயது ஏறிப்போய், அரியலூரில் ஒரு ஒண்டு வீட்டில் தனியாக இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணையனும் அவன் அம்மாவும். ரேடியோவை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தால் வேறு உலகம். “இன்னைக்கு ஏத்தத்துல கொஞ்சம் கரகரப்பு இருந்துச்சே?” என்பான் ஒருத்தன். “அது கரகரப்பில்லடா, அங்கதான் உசுரே இருக்கு” என்பான் மற்றவன். ஒரு கத்தலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கேட்டுக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

எழுபத்தொன்பதில் ரொனால்ட் திருச்சிக்குக் கச்சேரிக்கு வந்தார். இரண்டு பேரும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி ரயிலேறினார்கள். போகும்போது ஒரே பெஞ்சு. திரும்பும்போது லால்குடியில் சாமிதுரை இறங்கி வேறு பெட்டிக்கு மாறிவிட்டான். அரியலூரில் இறங்கி, ஒரே தெருவுக்குப் போக வேண்டியவர்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தனாக நடந்து வந்தார்கள்.

நடந்தது இதுதான். கச்சேரியில் ஏத்தம் வர வேண்டிய இடங்களில் எல்லாம் ரொனால்ட் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, நீங்கள் பாடுங்கள் என்று கையைக் காட்டினாராம். சாமிதுரைக்கு அது பெருமையாக இருந்தது. நம்மைப் பாடச் சொல்கிறார் பார் என்று. ரயிலில் கண்ணையன், “ஏன் திருப்புனான் தெரியுமா? அவனுக்கு மேல ஏற மாட்டேங்குது. ஆளு முடிஞ்சுட்டான்டா” என்றிருக்கிறான். அவ்வளவுதான். வரப்புத் தகராறு என்றால் எனக்குப் புரியும். பெண் கொடுத்து எடுத்ததில் தகராறு என்றால் புரியும். கடல் தாண்டி இருக்கிற ஒருத்தர் தொண்டைக்காக இரண்டு தடியன்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் கண்ணையன் சுரங்க வேலையை விட்டுவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் பக்கம் எளம்பலூரில் இருந்த தங்கச்சி ஜெகதாம்பாள் வீட்டோடு போய்விட்டான். அங்கே ஏதோ ஒரு கல் உடைக்கிற கிரஷரில் வேலை என்று கேள்வி. யார் முதலில் பேசுவது என்பதிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன.

எண்பத்து மூன்றில் கண்ணையனின் அம்மா இறந்துபோனது. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனான். சாவு வீட்டில் நம் வழக்கம் தெரியும்தானே. வந்தவன் இரண்டு கையையும் நீட்டுவான், உட்கார்ந்திருக்கிற பங்காளிகள் தொட்டு அனுப்புவார்கள். யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கிளம்பும்போது போய்வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. அந்த இடத்தில் இவன் வழக்கத்தை மீறி, கண்ணையன் கையைத் தொட்டபோது குனிந்து மெதுவாக, “கண்ணையா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதடா” என்று சொல்லிவிட்டான். கண்ணையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆளுக்குக் கையை நீட்டிவிட்டான்.

மறுநாள் வேலைக்கு வந்த சாமிதுரையின் முகம் செத்துப் போயிருந்தது. “எறங்கிப் போயிப் பேசுனன்டா. மதிக்கல. இனிமே என் பொணத்துக்கும் அவன் வரவேண்டாம்” என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

சாயங்காலங்களில் அவன் வீட்டுப் பக்கம் போனால் பார்க்கச் சகிக்காது. ஒரு ஆள் சோறாக்கி, ஒரு ஆள் சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பான். வாசலில் ரேடியோ பாடும், பக்கத்தில் இவன் மட்டும். பாட்டு நன்றாக இருந்தால் சட்டென்று வலது பக்கம் திரும்புவான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நாய்கூட வளர்க்காத ஆள்.

இந்த நிலைமையில்தான் கேசட் வந்தது. கொழும்பில் கலவரம் நடந்து, ரொனால்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெட்ராஸ் வந்து சேர்ந்து, அங்கே யாரோ ஒரு கம்பெனிக்காரன் அவரைப் பாட வைத்திருக்கிறான். கேசட் கடை அய்யம்பெருமாளிடம் சொல்லி வைத்து வரவழைத்தான் சாமிதுரை. அட்டையில் ரொனால்டின் படம். வழுக்கையில் மிச்சமிருந்த முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்து, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் போட்டான்.

முதல் பாட்டு தொடங்கியதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது பாட்டில் கண்ணைத் திறந்தான். மூன்றாவதில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். ட்ரம்முக்குப் பதில் ஏதோ மெஷின் டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய பழைய ரயில் பாட்டையே திருப்பிப் பாடியிருந்தார். ஏத்தம் வருகிற இடத்தில் நாலைந்து பெண் குரல்கள் சேர்ந்து பாடின, அவர் சத்தத்தையே காணோம். எனக்கு அது காதுக்கு இதமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு பாட்டு. மெஷின் இல்லை, வெறும் கிடார். அந்த ஆள் பாடுகிறாரா, பேசுகிறாரா என்றே தெரியவில்லை. யாரையோ கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறார். பாதியில் குரல் உடைந்துபோகிறது. அதை அழித்துவிட்டு மறுபடி பாடாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

“எப்படிடா இருக்கு?” என்று என்னைக் கேட்டான்.

“நல்லாத்தான் இருக்கு.”

“எது நல்லாருக்கு? சொல்லு பாப்பம், எது?” என்று பாய்ந்தான்.

“யோவ், நீ கேட்ட, நான் சொன்னேன். எனக்கென்ன எழவு தெரியும்?” என்று நானும் கத்தினேன்.

அதற்கப்புறம் அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. தினமும் கேட்பான். டீக்கடையில் கொண்டுபோய்ப் போட்டான். இளவட்டங்கள், “அண்ணே, வேற எதாவது டப்பாங்குத்து இருந்தாப் போடுங்கண்ணே” என்று சிரித்தார்கள். ஒரு நாள் வேலைக்கு நடுவில், “கண்ணையன் சொன்னதுதான்டா சரி. ஆளு அன்னைக்கே முடிஞ்சுட்டாரு” என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம், “அப்பத் தூக்கிப் போடு” என்றேன். “எப்படிடா தூக்கிப் போடறது? அந்தக் கடைசிப் பாட்ட என்ன பண்றது? அது பாட்டா, இல்ல பாட முடியாமப் போனதா? எனக்குப் புடிபட மாட்டேங்குது. சில நேரம் கேட்டா அசிங்கமா இருக்கு. சில நேரம் கேட்டா, அவரு பாடுனதுலயே இதுதான் பாட்டுன்னு அழுவாச்சி வருது. கண்ணையன் ஒரு தடவ கேட்டாப் போதும், சொல்லிப்புடுவான்” என்றான். அவனுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். அந்தக் கேசட்டைப் பற்றிப் பேச ஒரே ஒரு ஆள். அந்த ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான், அவனோடு பேச்சு இல்லை.

ஐப்பசியில் கல்லங்குறிச்சி பக்கம் ஒரு பம்ப்செட் லைன் அறுந்துவிட்டது. அவன் கம்பத்தடியில் நின்றான். நான் பியூஸைப் பிடுங்க வரப்பில் நடந்து டிரான்ஸ்பார்மருக்குப் போனேன். பிடுங்கிவிட்டுத் துண்டை வீசிக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவன் ஏற வேண்டும். நான் இன்னும் பியூஸில் கையே வைக்கவில்லை. எதற்கோ திரும்பிப் பார்த்தால் இவன் முக்கால் கம்பத்தில் இருக்கிறான். கம்பிக்கும் அவன் கைக்கும் இரண்டு முழம்கூட இல்லை. “டேய்!” என்று நான் போட்ட சத்தத்தில் வயலில் களை எடுத்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அவன் அப்படியே உறைந்துபோய், மெதுவாக இறங்கினான். ஓடிப்போய் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

“என்னாடா நெனப்பு ஒனக்கு?”

கன்னத்தைத் தடவிக்கொண்டே, “கடைசிப் பாட்டு” என்றான்.

“நாளைக்கு லீவு போடு. பெரம்பலூர் போறோம். ஒங்க மானம் ரோசத்த எல்லாம் அங்க போயி வச்சுக்க” என்றேன். “அவன் மதிக்க மாட்டான்டா” என்றான். “மதிக்கலன்னா அவனுக்கும் ஒரு அறை வுடறேன், வா” என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் டூ-இன்-ஒன்னைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு வந்தான். முதலில் நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டுவிடுவது. அப்புறம் வேறு எதையும் பேசாமல் கடைசிப் பாட்டைப் போட்டுவிடுவது. அவன் என்ன சொல்கிறானோ அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவது. “அது நல்லாருக்குன்னாலும் சரி, நல்லால்லன்னாலும் சரி” என்றான். முகம் தெளிந்திருந்தது.

எளம்பலூரில் ஜெகதாம்பாள் வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தில் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். சாமிதுரையைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வாங்கண்ணே! இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?” என்றவள் கண் கலங்கினாள். “அண்ணன் கொல்லையில வெங்காயப் பட்டறைகிட்ட இருக்கு. நேரா மூஞ்சிக்கு முன்னாடி போயி நில்லுங்க. பின்னாலேருந்து கூப்புட்டாத் தெரியாது. காது சுத்தமாப் போயிருச்சுல்ல.”

“யாருக்கு?” என்றான் சாமிதுரை.

“அண்ணனுக்குத்தான். ஒங்களுக்குத் தெரியாதா? கிரஷர் சத்தத்துல போயிருச்சுண்ணே. அம்மா சாவறப்பவே காதுகிட்ட வந்து கத்துனாத்தான் கேக்கும். இப்ப அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுகிட்டே வருது.”

“அம்மா சாவுக்கு நான் வந்தனே தங்கச்சி. கையத் தொட்டுப் பேசுனனே.”

“யாரு என்ன பேசுனாங்கன்னு அதுக்கு என்னண்ணே தெரியும்? கையக் குடுத்தாங்க, தொட்டு அனுப்புனுச்சு. நீங்க வந்துட்டு ஒரு வார்த்த பேசாமப் போயிட்டீங்கன்னு அன்னைக்கு ராவெல்லாம் அழுதுச்சு.”

சாமிதுரை ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷம். ஒரு சாவு வீட்டில் யாரும் பேச வேண்டாம் என்று வைத்த வழக்கத்தில் இரண்டு பேரும் மூன்று வருஷத்தைத் தொலைத்துவிட்டார்கள். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குள் கண்ணையனே கொல்லையிலிருந்து வந்துவிட்டான். பார்த்ததும் நின்றான். “சாமிதுரயாடா?” என்று அவன் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். காது போனவர்களுக்குத் தங்கள் சத்தத்தின் அளவு தெரியாது அல்லவா. வெங்காயத் தூசிக் கையோடு கட்டிப் பிடித்தான். இரண்டு பேரும் அழுதார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொல்லையில் வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறையின் மூங்கிலை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

கண்ணையன் கண் கேசட்டில் விழுந்தது. எடுத்துப் படத்தைப் பார்த்தான். “அட, ரொனால்டு! முடியெல்லாம் போச்சுடா. புதுசா பாடிட்டானா?” என்றவன், சாமிதுரையின் முகத்துக்கு அருகில் வந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “ஏத்தம் இருக்காடா?”

இதற்காகத்தானே வந்தான். இந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தன் வேண்டும் என்றுதானே கம்பியில் கை வைக்கப் போனான். சாமிதுரை அவன் காதருகே குனிந்தான். மெதுவாக ஏதோ சொன்னான்.

“கேக்கல. சத்தமாச் சொல்றா!”

சத்தம் கேட்டுத் தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அந்த ஆளுக்குக் குரல் போய்விட்டது, நீ சொன்னது சரி, அவர் முடிந்துவிட்டார் என்பதை இத்தனை பேர் கேட்கத் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகச் சொல்கிற பேச்சு அது. சாமிதுரை ஒரு முறை என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “இருக்குடா! அதே ஏத்தம்! அப்படியே இருக்கு!” என்று கத்தினான்.

கண்ணையன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். “நான் அன்னைக்கு ரயில்ல வாய்க்கு வந்ததப் பேசிப்புட்டேன்டா. அவனப் போயி முடிஞ்சுட்டான்னு சொன்னன் பாரு, புத்தியில்லாதவன். மன்னிச்சுக்கடா” என்று கையைப் பிடித்துக்கொண்டான். சரியாகச் சொன்னவன் தப்பு என்று மன்னிப்புக் கேட்கிறான். தப்பாகச் சண்டை போட்டவன் அதை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறான்.

“போடு, போடு. கைய வச்சாத் தெரியும்” என்றான் கண்ணையன். ரேடியோவை முடிந்தவரை சத்தமாக வைத்தான் சாமிதுரை. கண்ணையன் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தான். மெஷின் அடிக்க அடிக்க அவன் தலை ஆடியது. “ட்ரம்மு பலமா இருக்குடா!” என்றான். ரயில் பாட்டு வந்தபோது சாமிதுரை அவன் தொடையில் தட்டிக் காட்டினான். கண்ணையனுக்குத் தெரிந்துவிட்டது. கையில் தெரிந்த தாளத்தை வைத்தே பழைய கணக்கில் வரிகளை முனகிக்கொண்டு வந்தவன், ஓரிடத்தில் தலையை நிமிர்த்தி, ஏத்தத்தைத் தானே எடுத்துக் கத்தினான். இடம் தப்பு. சுருதி கிடையாது. வாசலில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களை நான் ஒரு முறை முறைத்தேன்.

கடைசிப் பாட்டு வந்தது. வெறும் கிடாரும், அந்த ஆளின் உடைந்த குரலும். கண்ணையன் கையை ஸ்பீக்கரில் அழுத்திப் பார்த்தான். இந்தப் பக்கம் மாற்றி வைத்துப் பார்த்தான். பிறகு சாமிதுரையைப் பார்த்து, “கேசட்டு முடிஞ்சிருச்சா?” என்றான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாமிதுரை, ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் பட்டனை அமுக்கினான்.

சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள் ஜெகதாம்பாள். கேசட்டைச் சாமிதுரை கண்ணையன் கையிலேயே கொடுத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்த கண்ணையன், “மாசம் ஒருக்கா வந்து பாட்டு எப்படி இருக்குன்னு சொல்லிட்டுப் போடா. நீ சொன்னா நான் கேட்ட மாதிரி” என்று கத்தினான். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ் கிளம்பியது. சாமிதுரை ஜன்னலோரம், நான் அவனுக்கு வலது பக்கம். ஊரைத் தாண்டியதும், வெளியே போய்க்கொண்டிருந்த சோளக்காட்டைப் பார்த்தபடியே தொடங்கினான். முதல் பாட்டில் எடுப்பே சரியில்லை. இரண்டாவதில் மூச்சுப் பிடிக்க முடியாமல் வார்த்தையை விழுங்குகிறார். ரயில் பாட்டில் அந்தப் பெண்களைப் பாட விட்டதற்குப் பாடாமலே இருந்திருக்கலாம். ஒவ்வொரு பாட்டாக, ஒவ்வொரு வரியாக, இத்தனை நாள் அடக்கி வைத்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. வேறு நாளாக இருந்தால் வாயை மூடுடா என்றிருப்பேன்.

கடைசிப் பாட்டுக்கு வந்தான். குரல் தாழ்ந்துவிட்டது.

“கதவத் தொறன்னு கேட்டு ஒடையுற எடம் இருக்குல்ல. அதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் பாட்ட நிறுத்துறாரு. பாட முடியாம நிறுத்தல. ஏத்தத்துக்குப் போகலாமா வேண்டாமான்னு யோசிக்கிறாரு. அப்புறம் வேண்டாம்னு வுட்டுடறாரு. கவனிச்சியா கண்ணையா?”

திரும்பி என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். அவன் சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

“கவனிச்சேன்டா” என்றேன்.